சிதம்பரத்தில் ஒரு வாய் பிட்டு

பிள்ளைகளே, உங்களில் நடுவில் பிறந்தவள் எந்தக் கலியாண வீட்டுக்குப் போனாலும் நான் பின்னால் போய், "என்ன மாவில செய்தது?" என்று கேட்பதைப் பார்த்துச் சிரிக்கிறீர்கள். சிரியுங்கள். ஆனால் இதை ஒருமுறை வாசித்துவிட்டுச் சிரியுங்கள்.

அவளுக்கு அப்போது நாலு வயது. அதற்கு முதல் வருடம் கோதுமைமாப் பாண் தின்னத் தின்ன வயிறு ஊதி, கழிச்சலாகி, கை கால் ஈர்க்குப் போல மெலிந்து ஊர்காவற்றுறை ஆசுபத்திரியில் கிடந்தாள். கொழும்பில் ஒரு டாக்குத்தர்தான் கண்டுபிடித்தார். கோதுமை இவளுக்கு நஞ்சு, ஒரு துளியும் ஆகாது என்றார். பிள்ளை தப்பினால் சிதம்பரத்துக்குக் கூட்டிவருவதாக உங்கள் அம்மா நேர்ந்திருந்தா. தம்பி கைக்குழந்தை என்றபடியால் நான்தான் அவளைக் கொண்டு போனேன்.

அம்மா ஒரு பை வறுத்த அரிசிமா கட்டித் தந்தா. தலைமன்னார்க் கப்பலில் அலை அடித்துப் பை நனைந்தது. சிதம்பரத்தில் அவிழ்த்தால் மா புளித்து நாறியது. பிள்ளை பசியில் என் வேட்டியைப் பிடித்து இழுத்தாள். அந்நிய தேசம், எதைக் கொடுப்பது என்று தெரியவில்லை.

சாப்பாட்டுக் கடையில் பரிமாறுகிற பெடியனிடம் கேட்டேன்.

"தம்பி, இட்டலியில கோதம்பமா போடேல்லையோ?"

"இட்லிலயா? எங்க முதலாளி கேட்டா அழுதுடுவாரு சார்."

எனக்கு நம்பிக்கை வரவில்லை. எங்கள் தீவில் தோசைக்கு உளுந்தோடு கோதுமை மாவும் கரைப்பார்கள். இவர்களும் அப்படித்தானே செய்வார்கள், கேட்டால் இல்லை என்பார்கள் என்று நினைத்தேன். உள்ளே ஒருவர் சப்பாத்தி தட்டிக்கொண்டிருந்ததையும் கண்டேன். பிள்ளையைத் தூக்கிக்கொண்டு வெளியே வந்துவிட்டேன்.

எங்கள் பக்கத்தவர்கள் தங்குகிற மடத்தில் காரைநகர் அக்கா ஒருவர் சமைத்தார். அவருடைய பேச்சைக் கேட்டதும் எனக்குப் பாதி உயிர் வந்தது.

"அக்கா, பிட்டு அரிசிமாவோ?"

"ஓம் தம்பி, அரிசிமாதான். இரும், பிள்ளைக்குச் சீனியும் தேங்காய்ப்பூவும் போட்டுத் தாறன்."

நான் பிசைந்து ஒரு வாய் ஊட்டினேன். அடுத்த வாயை உருட்டும்போது அக்கா பெருமையாகச் சொன்னார்.

"பாரும், பஞ்சு மாதிரி இருக்கெல்லோ. கொஞ்சம் அவிச்ச மா கலந்தனான். இல்லாட்டிக் கல்லுத்தான்."

அவிச்ச மா என்றால் எங்களிடம் அவித்த கோதுமை மா. பிட்டு மெதுமையாக வர எல்லா வீட்டிலும் கலப்பது. அப்படிக் கலந்தாலும் அது அரிசிமாப் பிட்டுத்தான். அவர் பொய் சொல்லவில்லை.

பிள்ளையின் வாய்க்குள் விரலை விட்டுத் தோண்டினேன். பாதி வந்தது. மீதி உள்ளே போய்விட்டது. அவள் அலறினாள்.

"உமக்கென்ன விசரே? தின்னுற பிள்ளையின்ரை வாயைத் தோண்டுறீர்."

"அக்கா, கோதம்பை பட்டால் இவள் செத்துப்போவாள்."

அவர் அகப்பையைக் கீழே வைத்துவிட்டார். "ஐயோ தம்பி, அரிசிமாவோ எண்டுதானே கேட்டனீர்" என்றார்.

பிள்ளையை மடியில் கிடத்தி வயிற்றில் கை வைத்தபடி இருந்தேன். ஊதுகிறதா, சூடா என்று சட்டையைத் தூக்கித் தூக்கிப் பார்த்தேன். அம்மாவுக்கு என்னவென்று தந்தி அடிப்பேன் என்று கூட யோசித்துவிட்டேன். ஆசுபத்திரி எந்தத் தெருவில் என்று அக்கா ஓடிப்போய் விசாரித்து வந்தார்.

மத்தியானம் தாண்டிற்று. ஒருமுறை சத்தி எடுத்துத் தின்றதை வெளியே கொட்டினாள், அவ்வளவுதான். பிறகு கண்ணைத் திறந்து, "அப்பா, பசிக்குது" என்றாள். பட்டினி போட்டாலும் பயம், கொடுத்தாலும் பயம். அக்கா பிள்ளையோடு இருக்க, அதே கடைக்குத் திரும்பிப் போனேன். அந்தப் பெடியன் சிரிக்காமல் என்னை உள்ளே கூட்டிப்போய், ஊறின அரிசியையும் உளுந்தையும், ஆட்டுகிற கல்லையும் காட்டினான். கோதுமை மா வேறொரு மூலையில் மூடியிருந்தது. சாம்பார் வேண்டாம் என்று இட்டலி மட்டும் வாங்கி வந்து, சீனி தொட்டுக் கொஞ்சம் கொஞ்சமாக ஊட்டினேன். தின்றுவிட்டு அப்படியே நித்திரையாகிப் போனாள். மூச்சு சீராக வந்தது.

பின் நான் மட்டும் கிணற்றடிக்குப் போனேன். என் வலக்கை விரல் நகங்களுக்குள் பிட்டு இன்னும் வெள்ளையாக ஒட்டியிருந்தது. அந்த விரல்களால்தான் இட்டலியையும் ஊட்டியிருக்கிறேன். ஒரு ஈர்க்கை முறித்து, ஒவ்வொரு நகமாகக் கிண்டிக் கழுவினேன்.