நீலக் கேபிளின் மறுமுனை

அலுவலகத்தில் அவளைப் பம்பரம் என்றுதான் கூப்பிடுவார்கள். முகத்துக்கு நேரேயே கூப்பிடுவார்கள். அவள் கோபித்துக்கொள்ள ஓரிடத்தில் நின்றால்தானே! பதினோரு வருடமாகக் காலில் சக்கரம் கட்டிக்கொண்டு அலையும் வேலை. கம்பெனிக்கு ஊர் ஊராக ஒன்பது கிடங்குகள். ஒவ்வொன்றிலும் கம்ப்யூட்டர்களை வெளியுலகத்தோடு இணைக்கும் ரவுட்டர் பெட்டிகள். எந்தப் பெட்டி எப்போது மக்கர் செய்யும் என்று அதைச் செய்தவனுக்கே தெரியாது. செய்தால் பம்பரம் பஸ் ஏற வேண்டும். அவள் மேஜைக்கு அடியில் ஸ்க்ரூடிரைவர், கேபிள், மாற்றுத் துணி வைத்த பை எப்போதும் தயார். சாப்பாட்டை நின்றபடியே முடிப்பாள். எதிரே இருப்பவர் பேசி முடிப்பதற்குள் தலையாட்டிவிட்டு நகர்ந்துவிடுவாள். இந்தப் பதற்றத்தைச் சுறுசுறுப்பு என்று சொல்லிச் சொல்லியே மேலதிகாரிகள் அவளைக் கெடுத்து வைத்திருந்தார்கள்.

ஆனால் போன மாதம் நடந்தது அவளுக்கே தாங்கவில்லை. இரண்டு வயது மகளுக்குப் பிறந்ததிலிருந்தே காது கேட்காது. கேட்கவைக்கும் கருவியை உள்ளே பொருத்தும் ஆபரேஷன் அன்று பார்த்து, ஐந்து மணி நேரத் தொலைவில் இருந்த பெரிய கிடங்கில் ரவுட்டர் படுத்துவிட்டது. பம்பரம் போனாள். ஆபரேஷன் அறை வாசலில் கணவன் தனியாக உட்கார்ந்திருந்தான். திரும்பி வந்தவளை அவன் ஒரு வார்த்தை கேட்கவில்லை. கேட்டிருந்தால் பதிலுக்கு நாலு வார்த்தை சண்டை போட்டு மனசை ஆற்றிக்கொண்டிருப்பாள். அதற்கும் வழியில்லாமல் போயிற்று.

புண் ஆறியதும் கருவியை முதல்முறையாக இயக்க ஒரு நாள் குறித்தார்கள். வானமே இடிந்து விழுந்தாலும் அன்று தான் அங்கே இருக்க வேண்டும், குழந்தை முதலில் கேட்கும் குரல் தன்னுடையதாக இருக்க வேண்டும் என்று அவள் முடிவு கட்டினாள். அதற்காகவே ஒரு வாரம் முன்னதாக அந்தக் கிடங்குக்கு மறுபடி போனாள். அங்கே ரவுட்டர்கள் இரண்டு. ஒன்றாம் பெட்டியில்தான் கிடங்கின் வேலையெல்லாம் ஓடும். இரண்டாம் பெட்டியில் ஒல்லியான உபரி லைன் ஒன்று சும்மா கிடந்தது. பில் போட அது காணாது, அவள் ஒருத்தி உள்ளே நுழையப் போதும். ஒவ்வொரு பெட்டிக்கும் பின்னால் கன்சோல் என்று ஒரு துளை உண்டு. வாசல் அடைத்துக்கொண்டாலும் திறந்திருக்கும் கொல்லைக்கதவு அது. இரண்டாம் பெட்டியிலிருந்து ஒரு நீலக் கேபிளை இழுத்து ஒன்றாம் பெட்டியின் கன்சோலில் சொருகிவிட்டால், ஒன்று படுத்தாலும் இரண்டின் வழியாகப் புகுந்து, இருந்த இடத்திலிருந்தே தட்டி எழுப்பிவிடலாம்.

சொருகினாள். லேப்டாப்பில் இரண்டாம் பெட்டிக்குள் போய், கேபிள் வழியாக அடுத்த முனையைக் கூப்பிட்டுப் பார்த்தாள். பாஸ்வேர்டு கேட்டது. கொடுத்ததும் பெட்டியின் பெயர் வந்தது. அவ்வளவுதான், லேப்டாப்பை மூடிவிட்டு பஸ்ஸுக்கு ஓடினாள்.

குறித்த நாளில் பதினோரு மணிக்குக் குழந்தையைக் கூப்பிடுவார்கள். பத்தே முக்காலுக்கு, ஆஸ்பத்திரியில் காத்திருக்கும் கூடத்தில், மேனேஜரின் போன் வந்தது.

"கிடங்குல கரன்ட் போயிட்டு வந்துச்சும்மா. ஒண்ணாம் பெட்டி பாதியில நின்னுடுச்சு. மூணு தரம் அணைச்சுப் போட்டாச்சு, எழுந்திருக்கவே மாட்டேங்குது. பதினாலு லாரி நிக்குது. நீதான் ஏதோ வழி பண்ணி வெச்சியே?"

"அஞ்சு நிமிஷம் சார்."

லேப்டாப்பை மடியில் வைத்துத் திறந்தாள். இரண்டுக்குள் போனாள். கேபிள் வழியாகக் கூப்பிட்டாள். பாஸ்வேர்டு, பெயர், எல்லாம் மளமளவென்று வந்தன. சேமித்து வைத்த மாற்று மென்பொருளிலிருந்து பெட்டியை மறுபடி எழுப்பும் கட்டளையை அடித்தாள், என்டர் தட்டுவதுதான் பாக்கி. அப்போதுதான் உறைத்தது. பாதியில் நிற்கும் பெட்டி இத்தனை மரியாதையாகப் பாஸ்வேர்டு கேட்குமா? பெயரின் கடைசியில் இருந்த எண்ணைப் பார்த்தாள். இரண்டு. அவள் போய்ச் சேர்ந்தது புறப்பட்ட பெட்டிக்கே. என்டரைத் தட்டியிருந்தால் இருந்த ஒரு லைனும் போயிருக்கும்.

நடந்தது இதுதான். பெட்டிகள் இரண்டும் பக்கத்தில் பக்கத்தில், அச்சில் வார்த்த மாதிரி. நம்பர் ஒட்டியிருப்பது முன்னால், துளைகள் பின்னால். ஒரு முனையை முன்னால் நின்றே கையைவிட்டுத் துழாவிச் சொருகினாள். மறுமுனையைப் பின்னால் போய்ச் சொருகினாள். பின்னால் போனால் இடது வலதாகிவிடும் என்று நினைக்க அவளுக்கு ஏது நேரம்? இரண்டு முனையும் ஒரே பெட்டியில் உட்கார்ந்துவிட்டன.

"உள்ள வாங்க," என்றாள் நர்ஸ்.

அவள் போனைக் காதில் வைத்தபடியே எழுந்தாள். கிடங்கின் ஸ்டோர்கீப்பரைப் பிடித்து ரவுட்டர் அறைக்கு அனுப்பியிருந்தாள்.

"இன்னைக்குமா?" என்றான் கணவன். கல்யாணமாகி ஆறு வருடத்தில் அவன் குரல் உயர்ந்தது அன்றுதான்.

"ரெண்டே நிமிஷம். என் தப்புதான், நான்தான் சரி பண்ணணும்."

போனை அணைத்திருக்க வேண்டும். அணைக்கவில்லை. சின்ன அறையின் மூலையில் முதுகைக் காட்டி நின்றாள். கணவனின் மடியில் குழந்தை. காது டாக்டரம்மா கம்ப்யூட்டரில் ஒலியைக் கொஞ்சம் கொஞ்சமாக ஏற்றிக்கொண்டே போனார். மணி அடித்தார், மேஜையைத் தட்டினார். கணவன் பேசிப் பார்த்தான். குழந்தை தன் செருப்பின் வாரையே இழுத்துக்கொண்டிருந்தது.

"இடது பக்கப் பெட்டிங்களா மேடம்?" என்றார் ஸ்டோர்கீப்பர்.

"நீங்க முன்னால நிக்கிறீங்களா, பின்னாலயா?"

"பின்னாலதான். இந்த மஞ்சள் வயரைப் புடுங்கட்டுமா?"

"ஐயோ, அது இல்லீங்க! நீலம்! நீலக் கேபிளை மட்டும், கன்சோல்னு எழுதின துளையில இருக்கிற முனையைப் புடுங்குங்க!"

குழந்தையின் கை வாரை விட்டது. தலை மெதுவாக மூலைப் பக்கம் திரும்பியது.

"திரும்பிட்டா!" என்று டாக்டரம்மா கத்தாத குறையாகச் சொன்னார். "நிறுத்தாதீங்க, பேசுங்க. எதையாவது பேசுங்க."

பம்பரம் திரும்பினாள். மகள் அவளையே பார்த்துக்கொண்டிருந்தாள். எத்தனையோ சொல்ல இருந்தது, வாயில் வந்தது இதுதான். "நீலக் கேபிள்," என்றாள். "அதை எடுத்து... பக்கத்துப் பெட்டியில... அதே மாதிரி ஒரு துளை இருக்கும், அதுல..." போனைப் பிடித்தபடி தரையில் மண்டியிட்டு உட்கார்ந்தாள். எழுந்து ஓட வேண்டும் என்று தோன்றவே இல்லை.

குழந்தை அவள் வாயைத் தொட்டுப் பார்த்தது. உதடு பிதுங்கியது. ஓவென்று அழுதது. சட்டென்று நிறுத்தி, மிரண்டு நாலாபக்கமும் பார்த்தது. யாரும் அழவில்லை. மறுபடி கொஞ்சம் அழுது பார்த்தது.

"சொருகிட்டேன் மேடம்," என்றார் ஸ்டோர்கீப்பர். "அங்க யாரு அழறது?"

"என் பொண்ணுங்க. அவ அழறது அவளுக்குக் கேக்குது."