அஸருக்குப் பிறகு இறுக்க வைத்திருந்த நட்டுகள்

2023 செப்டெம்பர் 10, ஞாயிற்றுக்கிழமை. சுபஹு தொழுதுவிட்டு வந்த காக்கா பிளேன்டீ குடித்தார். ரொட்டியில் ஒரு துண்டைப் பூனைக்குப் பிய்த்துப் போட்டார். வளவைக் கூட்டினார். பிறகு சாக்கை விரித்து ஜீப்பின் கீழே படுத்தார். அன்று நாலு சில்லுக்கும் புது ஷொக் அப்சோபர் பூட்டும் வேலை. அளவுநாடா பிடிப்பது வழமைபோல் அவருடைய தங்கையாகிய நான்.

காக்கா கல்முனைக்குடியில், கடற்கரையோர வீடொன்றில் பிறந்தார். வாப்பா நேரத்தோடு மௌத்தாகிவிட்டதால் படிப்பை நிறுத்தி, மீன்பிடிப் படகுகளின் மோட்டார் திருத்தப் போனார். என்னை ஆசிரியையாக்கியது அந்த உழைப்பு. சுனாமியன்று உம்மாவை மேலே இழுக்க மதிலில் ஏறி நின்று கை நீட்டினார். எட்டவில்லை. அதைப் பற்றி அவர் ஒருநாளும் எங்களோடு கதைத்ததில்லை. கடல் வேலையை விட்டார். பழைய ஜீப் ஒன்றை வாங்கி, முதல் வேலையாக அதை உயர்த்தினார். மாரியில் மாவடிப்பள்ளி வீதியில் தண்ணீர் ஏறும்போது, சவளக்கடைப் பக்கத்து நோயாளிகளையும் பிள்ளைப்பேற்றுக்காரிகளையும் ஆஸ்பத்திரிக்கு ஏற்றி வந்தது அந்த ஜீப்தான். அதற்கு அவர் கூலி கேட்டதில்லை.

ஜீப்பை உயர்த்தியவர்கள் பலர் ஷொக்கைப் பழைய நீளத்திலேயே விட்டுவிடுவார்கள். பள்ளத்தில் சில்லு கீழே தொங்கும்போது அது நீளம் போதாமல் இழுபட்டுப் பிய்ந்துபோகும். காக்கா சில்லைத் தொங்கவிட்டு ஓர் அளவும், முழுப் பாரத்தில் அமுக்கி இன்னோர் அளவும் எடுத்துக்கொண்டு முந்தின நாளே கடைக்குப் போனார். நானும் கூடப் போனேன்.

"காக்கா, இது ஜீப்பா, வயல் பரணா? ஏறினா யானை பார்க்கலாம் போல கிடக்கு" என்றார் கடைக்காரர்.

"யானைய நான் பார்த்துக்கிறன். நீங்க நீளமான ஷொக்கக் காட்டுங்க."

ஆக நீளமானதைக் கடைக்காரர் எடுத்து வைத்தபோது அதையும் தள்ளினார். "கூட நீளமும் கூடாது. அமுங்கக்குள்ள அடியில முட்டும். மிஸ், ஒங்கட நாடாவ எடுங்க" என்றார். கேலி செய்ய நினைத்தால் மட்டும்தான் என்னை மிஸ் என்பார்.

பூட்டுவதிலும் அவருக்கு ஒரு முறை இருந்தது. சில்லு தொங்கும் நிலையில் நட்டுகளை விரலால் மட்டும் முறுக்குவார். ஜீப்பை நிலத்தில் இறக்கிய பின், அதில் வழமையாகப் போகிறவர்களை அவரவர் இடத்தில் இருத்தி, அந்தப் பாரத்தில்தான் இறுக்குவார். வெறும் வண்டியில் இறுக்கினால் ஆட்கள் ஏறியதும் ஷொக்கின் நுனியிலுள்ள ரப்பர் புஷ் முறுக்குண்டு, கொஞ்ச நாளில் கிழிந்துவிடும். அவர் கீழே படுத்திருப்பார் என்பதால், அவருடைய ஆசனத்தில் நான்தான் இருப்பேன்.

அன்று நட்டுகளை விரலால் முறுக்கி ஜீப்பை இறக்கியபோது பின்னேர அஸர் தொழுகைக்கான பாங்கு கேட்டது.

"தொழுதிட்டு வந்து இறுக்குவம். எல்லாரும் ஏறி இரிங்க புள்ள" என்று சொல்லிப் பள்ளிக்குப் போனார்.

நாங்கள் ஏறி இருந்தோம். நான் அவருடைய ஆசனத்தில், காக்காவின் மனைவியான மச்சி இடப்பக்கத்தில், அவர்களின் மகன் பின்னால். பள்ளியில் தொழுகைக்கு முன் கைகால் கழுவி வுழூச் செய்யும் இடத்தில் காக்கா சரிந்துவிட்டார் என்ற செய்தி, நாங்கள் அப்படி இருக்கும்போதுதான் வந்தது. ஒவ்வொருவராக இறங்கினோம்.

கணவனை இழந்தவர் வீட்டோடு இருக்கும் இத்தாவில் இருந்த மச்சியின் அறை ஜன்னல் ஜீப்பைப் பார்த்தது. நட்டுகள் இறுக்கப்படாததால் பூனை பாய்ந்தாலும், காற்று உலுக்கினாலும் அடியில் 'டொக்' என்று ஒரு சத்தம். காக்கா வண்டியால் குதித்து இறங்கும்போது கேட்கும் அதே சத்தம். கேட்கும் ஒவ்வொரு தடவையும் மச்சி எழுந்து முக்காட்டைச் சரிசெய்வார். பிறகு இருந்துவிடுவார். நானும் கேட்டேன். பூனை என் மடியில் படுத்திருந்த நேரத்திலும் கேட்டேன். காற்றுமில்லை.

காக்காவுக்காக ஓதும் நாற்பதாம் நாள் கத்தத்துக்கு முதல்நாள் சவளக்கடையிலிருந்து ஒரு விவசாயி வந்தார். அவருடைய மகளுக்கு மாரிக்குள் பிள்ளை பிறக்கும் கணக்கு. "ஜீப் இந்த முறையும் வருமா?" என்று கேட்டார். மச்சியிடம் கேட்க நான் உள்ளே போனேன்.

"இறுக்க விடமாட்டன்" என்றார் மச்சி. "அவர்ர விரல் பட்ட கடைசி இடம் அது. நீங்க ஸ்பானரப் போட்டா மறுகா என்ன மிஞ்சும்?"

"இறுக்காம ஓடினா கழன்டிரும் மச்சி."

"சத்தமும் நின்டிருமே."

"ஓம். நின்டிரும்."

மச்சி ஜன்னலூடாக ஜீப்பைப் பார்த்தார். பிறகு, "அந்தப் புள்ளத்தாச்சிக்கு எத்தின வயசாம்?" என்று கேட்டார்.

காக்காவைக் குளிப்பாட்டிக் கபன் துணி உடுத்தியவர்கள், கபுறு வெட்டியவர்கள், இரவும் பகலும் ஓதியவர்கள், அடுப்பு மூட்டவிடாமல் சோறு கொண்டுவந்து தந்த அயலவர்கள், ஷொக்கின் மிச்சக் காசை வாங்க மறுத்த கடைக்காரர், கத்தச் சோற்றுக்குத் தன் வயல் அரிசியோடு வந்த அந்தச் சவளக்கடை விவசாயி, எல்லோருக்கும் இந்த முதலாம் ஆண்டு நினைவில் எங்கள் நன்றி. அல்லாஹ் உங்களுக்கு நிறைவான கூலியைத் தரட்டும். காக்காவின் கபுறை விசாலமாக்கட்டும்.

விவசாயி வந்துபோன மறுநாள் காலை, சுபஹு தொழுத கையோடு நான் ஜீப்பின் அருகே போய் இரு பக்கமும் நாடா பிடித்தேன். வலப்பக்கம் ஒரு விரல் அகலம் தாழ்ந்திருந்தது. அப்போது ஒருவரும் ஏறியிருக்கவில்லை. காக்கா இத்தனை வருடம் இருந்த பக்கத்து வில் ஸ்பிரிங் படிந்துபோயிருக்கிறது, அவ்வளவுதான் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். மகன் காக்காவின் ஆசனத்தில் ஏறினான். மச்சி வளவுக்குள் இறங்கி வந்து தன் இடத்தில் இருந்தார். நான் காக்காவின் சாக்கை விரித்துக் கீழே படுத்தேன். ஸ்பானரை வைக்க முதல், ஒவ்வொரு நட்டையும் என் விரலால் ஒருமுறை தொட்டேன். பிறகு இறுக்கினேன்.