பனியில் விழுந்த குழந்தை

கிரீன் கார்டு வரட்டும், அப்புறம் பார்க்கலாம். எங்கள் வீட்டில் எதைக் கேட்டாலும் இதுதான் பதில். இந்த வெஸ்ட் வின்ட்சர் ஊரில் எங்களை மாதிரி காத்திருக்கும் மற்ற வீடுகளிலும் அப்படித்தான். நல்ல சோபா, ஒரு நாய்க்குட்டி, ஐரோப்பா, எல்லாமே கார்டு வந்த பிறகு. நாட்டை விட்டு வெளியே போனால் திரும்பி வர தூதரகத்துக்கு விசா ஸ்டாம்பிங் போக வேண்டும். அங்கே என்ன கேட்பார்களோ, எத்தனை மாதம் இழுத்தடிப்பார்களோ என்று பயம். போகாமல் இருப்பதே நல்லது என்று கம்பெனி வக்கீலும் சொல்லிவிடுவார். நாங்களும் தலையாட்டிவிட்டு வந்துவிடுவோம். இப்போது நினைத்தால் பற்றிக்கொண்டு வருகிறது.

என் கணவருக்கு ஐரோப்பா ஆசை என்றால் கோபுரத்தின் முன் நின்று செல்ஃபி எடுக்கும் ஆசை இல்லை. ஓவியங்கள். கல்லூரி நாட்களில் ஏதோ ஒரு புத்தகத்தில் மங்கலாக அச்சான பழைய டச்சு ஓவியங்களைப் பார்த்து மயங்கியவர். ஒரு தடவையாவது அசலின் முன்னால் நிற்க வேண்டும் என்பார். என்னோடு சண்டை போடும்போதுகூட நடுவில் அதைச் சொல்லுவார்.

அப்படிப்பட்ட மனிதருக்குத்தான் கண்ணில் வந்தது. விழித்திரை நோய். பார்வை ஓரங்களிலிருந்து சுருங்கிக்கொண்டே வரும், கடைசியில் நடுவிலும் போய்விடும், மருந்து கிடையாது. பார்க்க ஆசைப்பட்டதை எல்லாம் சீக்கிரம் பார்த்துவிடுங்கள் என்றார் டாக்டர், அன்பாகத்தான். வக்கீலைக் கேட்டுவிட்டுச் சொல்கிறோம் என்று என் வாய் வரைக்கும் வந்தது.

அவர் ஆபீஸில் இதைப் பற்றி மூச்சு விடவில்லை. வேலை போனால் கார்டுக்கான வரிசையிலிருந்தும் விழுந்துவிடுவோம். அவர் கார் ஓட்டுவதை விட்டார். தினமும் காலையில் பிரின்ஸ்டன் ஜங்ஷன் ஸ்டேஷனில் நான் இறக்கிவிடுவேன். எனக்கு டிரெயின்தான் பிடிக்கும் என்று கூட வேலை பார்ப்பவர்களிடம் சொல்லி வைத்திருந்தார்.

ஐரோப்பாவுக்குப் போக முடியாததால் அதை டிவிக்குக் கொண்டுவந்தோம். அங்கேயுள்ள மியூசியங்கள் பல சேர்ந்து தங்கள் ஓவியங்களையும் பழைய புகைப்படங்களையும் இணையத்தில் போட்டிருக்கின்றன, தலைப்பு வாரியாக. ஜன்னல்கள் என்று ஒரு தொகுப்பு, சந்தை நாள் என்று ஒன்று, துணி துவைக்கும் பெண்கள் என்று ஒன்று. சனிக்கிழமை மத்தியானம் ரசம் சாதம் சாப்பிட்டுவிட்டு உட்காருவோம். போர்ச்சுகல் கடற்கரையில் மீன் காயவைக்கும் பெண்கள் எங்கள் ஹாலில் நிற்பார்கள்.

அவரால் ஒரு சமயத்தில் படத்தின் ஒரு துண்டைத்தான் பார்க்க முடியும். மிச்சத்தை நான் சொல்லுவேன். அது என் தொழிலும்கூட. கண் தெரியாதவர்களுக்கு வெப்சைட் சரியாக வேலை செய்கிறதா என்று சோதித்து, பிழைகளுக்கு பக் ரிப்போர்ட் எழுதுபவள் நான். ஒவ்வொரு படத்துக்கும் கம்ப்யூட்டர் வாசித்துக் காட்டும்படி ஒரு வரி இருக்க வேண்டும். இருப்பதைச் சொல்ல வேண்டும், இல்லாததைச் சேர்க்கக் கூடாது, ஊகிக்கக் கூடாது. வீட்டிலும் எனக்கு அந்தப் பாஷைதான் வந்தது. இடது பக்கம் மரம், இலை இல்லை. நடுவில் இரண்டு பெண்கள், ஒருத்தி கையில் கூடை.

"பக் ரிப்போர்ட் படிக்கிற மாதிரி இருக்கு," என்று சிரிப்பார். ஒருநாள் சிரிக்காமல் சொன்னார். "ஆனா உன்னை நம்பலாம். நீயா எதையும் சேர்க்க மாட்டே."

குளிர்காலம் என்ற தொகுப்பில்தான் அந்த ஓவியம் இருந்தது. உறைந்த ஆறு, ஊரே அதன் மேல் சறுக்கி விளையாடுகிறது. வலது பக்கக் கீழ்மூலையில் சிவப்புத் தொப்பி போட்ட குழந்தை ஒன்று குப்புற விழுந்து கிடக்கிறது, யாரும் கவனிக்கவில்லை. நான் சொன்னதும் அவர் எழுந்து போய் டிவியில் மூக்கு முட்டத் தேடினார். அகப்படவில்லை. சரி, நீ சொன்னா இருக்கும் என்று வந்து உட்கார்ந்தார். அதன் பிறகு வாராவாரம் அந்தப் படத்தைப் போடச் சொல்லி, யாராவது தூக்கிவிட்டார்களா என்று கேட்பார். இல்லை, இன்னும் அப்படியேதான் கிடக்கிறது என்பேன்.

ஒரு கட்டத்தில் அவருக்கு டிவி வெறும் வெளிச்சமாகிவிட்டது. அப்போதும் சனிக்கிழமை உட்காருவோம், முழுப் படத்தையும் நான் சொல்லுவேன். ஆபீஸில் சொல்லித்தான் ஆக வேண்டியிருந்தது. வேலை போகவில்லை. வீட்டிலிருந்தே செய்யுங்கள் என்றார்கள். அத்தனை வருஷம் பயந்து செத்தது எதற்கு என்று யாரிடம் போய்க் கேட்பது?

அதற்கப்புறம்தான் கார்டு வரிசையில் எங்கள் முறை வந்தது. கைரேகையும் போட்டோவும் எடுக்கக் கூப்பிட்டார்கள். எனக்கு அடுத்த கவுண்டரில் அவர். கேமராவைப் பாருங்கள், இந்தப் பக்கம், இன்னும் கொஞ்சம் என்று அங்கே ஒரு பெண் பொறுமையாகச் சொல்லிக்கொண்டே இருந்தாள். நான் தலையைத் திருப்பவில்லை.

போன மாதம் கார்டு தபாலில் வந்தது. சமையல் மேடையில் வைத்துப் பிரித்து, அவருடையதை எடுத்தேன். தன் போட்டோ எப்படி வந்திருக்கிறது என்று கேட்டார்.

முகம் சற்றுத் திரும்பியிருந்தது. கண்கள் கேமராவை விட்டு எங்கேயோ பார்த்துக்கொண்டிருந்தன, கூட்டத்தில் அம்மாவின் கையை விட்டுவிட்ட பையனைப் போல. எனக்குத் தாங்கவில்லை.

"நல்லா வந்திருக்கு. நேரா கேமராவைப் பாக்கறீங்க."

கார்டை வாங்கி அதன் ஓரத்தை விரலால் தடவிக்கொண்டே இருந்தார். "அந்தம்மா லெஃப்ட்டு ரைட்டுன்னு சொல்லிச் சொல்லிப் பாத்தாங்க. கடைசில பரவாயில்லைன்னு விட்டுட்டாங்க. எனக்குத் தெரியும்மா."

நான் என் கார்டைத் திரும்பக் கவருக்குள் வைத்தேன்.

"அந்தப் பனியில ஒரு குழந்தை சொன்னியே. அது நிஜமாவே இருக்கா?"

"இருக்குங்க. சத்தியமா இருக்கு."

சரி என்றார். குரலில் கோபமே இல்லை. கோபப்பட்டிருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

அந்தச் சனிக்கிழமை சாப்பிட்டு முடித்ததும் ரிமோட்டை எடுத்தேன். இன்றைக்கு வேண்டாம் என்றார். அடுத்த வாரமும் வேண்டாம் என்றார். இனி ஸ்டாம்பிங் பயம் இல்லை, எந்த ஊருக்கும் டிக்கெட் போடலாம். அவரைக் கூட்டிக்கொண்டு போய் அந்த ஓவியத்தின் முன்னால் நிறுத்தலாம். அங்கேயும் நான்தான் சொல்ல வேண்டும்.

குழந்தை இருக்கிறது. வலது பக்கக் கீழ்மூலையில், சிவப்புத் தொப்பியோடு, குப்புற விழுந்து கிடக்கிறது. நான் சொன்னால் அவர் சரி என்பார்.