பிளேன் போவட்டும் டீச்சர்

எனக்குத் தொண்டை பெரிது. கூடுவாஞ்சேரியில் தண்டவாளத்தை ஒட்டிய பள்ளியில் பல வருஷம் ரயிலோடு மல்லுக்கட்டிப் பாடம் நடத்தியதில் வந்தது அது. வீட்டில் நான் "சாம்பாருக்கு உப்பு போதுமா?" என்று கேட்டால் எதிர்வீட்டு மாமி "போதும்" என்று பதில் சொல்லுவார்.

அந்தத் தொண்டையை நம்பித்தான் பொழிச்சலூருக்கு மாற்றல் வாங்கிக்கொண்டு வந்தேன். முதல் நாள் ஐந்தாம் வகுப்பில் தமிழ்ப் பாடம். இரட்டைச் சடை போட்ட ஒரு பெண்ணை எழுப்பி வாசிக்கச் சொன்னேன். மணிமணியாக வாசித்துக்கொண்டு வந்தவள், "பறவைகள் கூட்" என்று பாதிச் சொல்லில் நின்றுவிட்டாள். விரல் மட்டும் எழுத்தின் மேல் அப்படியே இருந்தது. சரிதான், எழுத்துத் தெரியவில்லை போலிருக்கிறது என்று நான் வாயைத் திறந்தேன். தலைக்கு மேலே விமானம் வந்துவிட்டது. மீனம்பாக்கத்தில் இறங்குகிற விமானத்துக்கு எங்கள் பள்ளிக் கூரைதான் கடைசிப் படிக்கட்டு. ஜன்னல் கதவு கடகடவென்று ஆடியது.

நான் விடுவேனா? "கூட்டமாக! கூட்டமாகப் பறந்தன!" என்று கழுத்து நரம்பு புடைக்கக் கத்தினேன். விமானம் போன பிறகு பார்த்தால் வகுப்பு முழுக்க வாயைப் பொத்திக்கொண்டு சிரிக்கிறது. முன்வரிசையில் ஒருவன் மட்டும் என்மேல் பரிதாபப்பட்டான்.

"கத்தாதீங்க டீச்சர். தொண்ட போயிடும். பிளேன் போவட்டும்."

இரட்டைச் சடைக்காரி விரலை எடுக்காமல், "டமாகப் பறந்தன" என்று விட்ட எழுத்திலிருந்து எடுத்துக்கொண்டு போனாள். அந்தப் பள்ளியின் வழக்கம் அது. விமானம் வந்தால் எல்லாரும் நிறுத்துவார்கள், பேசுகிறவரும் பாடுகிறவரும் திட்டுகிறவரும். போனதும் அதே இடத்திலிருந்து தொடர்வார்கள். தலைமை ஆசிரியை ஒருமுறை என்னை, "உங்களுக்குக் கொஞ்சமாவது" என்று ஆரம்பித்தார். விமானம் வந்தது. இரண்டு பேரும் மரியாதையாக நின்றோம். அது போனதும், "பொறுப்பு இருக்கா?" என்று முடித்தார். கோபம் ஆறிப்போன திட்டு அது. எனக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை.

அந்த இரட்டைச் சடைப் பெண்ணைப் பற்றிச் சொல்ல வேண்டும். அவள் 'அத்தா' என்று கூப்பிடும் அப்பா பம்மலில் வளையல், ரிப்பன் விற்கும் ஃபேன்ஸி ஸ்டோர் வைத்திருந்தார். இவளுக்கோ ரிப்பன் மேல் ஆசையில்லை, ரிப்பன் சுற்றி வந்த காகிதத்தின் மேல்தான் ஆசை. அதில் என்ன அச்சடித்திருக்கிறது என்று பார்த்துவிட்டுத்தான் ரிப்பனைப் பார்ப்பாள். பள்ளியில் நூலகம் என்ற பெயரில் இருந்தது தலைமை ஆசிரியையின் நாற்காலிக்குப் பின்னால் ஒரு தகரப் பெட்டி. அதை நாலாம் வகுப்பிலேயே காலி செய்துவிட்டாள். தினமும் என் மேஜைக்கு வந்து நிற்பாள்.

"வேற இன்னா கீது டீச்சர், படிக்க?"

ஒன்றும் இல்லை என்றால் விடமாட்டாள். சத்துணவுப் பருப்பு மூட்டையில் இருப்பதைப் படித்தாள். போலியோ சொட்டு மருந்து நோட்டீஸைப் படித்தாள். காம்பவுண்டுச் சுவரில் ஒட்டியிருந்த மனை விற்பனை விளம்பரத்தை மனப்பாடமாக ஒப்பித்தாள். "டீச்சர், கூடுவாஞ்சேரி ஸ்டேஷன்லேர்ந்து அஞ்சே நிமிஷமாம். சுவையான குடிநீராம்." நான் அந்த வழியில் வருஷக்கணக்காக நடந்தவள். "அஞ்சு நிமிஷமா? எந்தப் பிளேன்ல?" என்றேன். "அது போடல டீச்சர்" என்றாள், முகத்தைச் சீரியஸாக வைத்துக்கொண்டு.

அப்போதுதான் கம்ப்யூட்டர் வந்தது. பழைய மகாபலிபுரம் சாலையில் ஏதோ ஒரு கம்பெனி கழித்துக் கட்டியதை எங்களுக்கு அனுப்பியிருந்தார்கள். தலைமை ஆசிரியை அதற்குச் சந்தனம் குங்குமம் வைத்து, பூப்போட்ட பெட்ஷீட் போர்த்தி, தம் அறையில் குடியேற்றினார். செருப்பைக் கழற்றிவிட்டுத்தான் கிட்டே போக வேண்டும். பயிற்சிக்குப் போய் டீயும் பிஸ்கட்டும் சாப்பிட்டு வந்த பாவத்துக்கு என்னை அதற்குப் பொறுப்பாக்கிவிட்டார்கள். அதை எப்படி அணைப்பது என்பது வரைக்கும் எனக்குத் தெரியும்.

ஒருநாள் எதையோ அழுத்தப் போய் குரல் பதிகிற வசதி கண்ணில் பட்டது. மைக் ஒன்று வாங்கி மாட்டினேன். ஒரு நிமிஷம் பதியும், பிறகு யாரையும் கேட்காமல் தானாக நின்றுவிடும். வகுப்பிலேயே வாய் திறக்காத ஒரு பையனைப் பிடித்து அதன் முன்னால் உட்கார்த்திப் பாடத்தை வாசிக்க வைத்தேன். பிறகு ஓட்டிக் காட்டினேன். "அய்யய்யோ, இது நான் இல்ல டீச்சர்!" என்று மேஜைக்கடியில் ஒளிந்துகொண்டான். அடுத்த நிமிஷம் தலையை நீட்டி, "இன்னொரு வாட்டி போடுங்க" என்றான்.

அதோடு பிடித்தது பைத்தியம். ஒரு நிமிஷத்துக்குள் ஒரு பக்கம், தப்பில்லாமல் வாசிக்க வேண்டும். வாசித்தவர் குரலை மறுநாள் பிரேயரில் ஸ்பீக்கரில் போடுவேன். புத்தகத்தைக் கண்டால் தலைவலி, வயிற்றுவலி என்று எல்லா வலியும் வந்தவர்கள், வாசலில் செருப்பைக் குவித்துவிட்டு வரிசையில் நின்றார்கள். ஒரே தொல்லை, விமானம். நிமிஷத்தின் நடுவில் வந்தால் பதிவு பாழ். அதற்கும் அவர்களே வழி கண்டுபிடித்தார்கள். இரண்டு பேர் மொட்டை மாடிப் படியில் நின்று வானத்தைப் பார்ப்பார்கள். "கிளியர்!" என்று குரல் வந்தால்தான் நான் பொத்தானை அழுத்த வேண்டும். அவர்களுக்கு 'டவர்' என்று பெயர். டவர் வேலைக்கு நடந்த அடிதடியைத் தீர்த்துவைப்பதிலேயே என் பாதி நாள் போயிற்று.

அந்த வருஷம் வட்டார அளவில் வாசிப்புப் போட்டி வைத்தார்கள். பள்ளிக்கு ஒரு குழந்தை. முன்னே பின்னே பார்க்காத புத்தகத்திலிருந்து ஒரு பக்கம், ஒரு நிமிஷம். ஜெயிக்கிற பள்ளிக்குக் கண்ணாடிக் கதவு போட்ட பீரோ ஒன்று, உள்ளே நிறையக் கதைப் புத்தகங்களோடு. சொன்னதும் இரட்டைச் சடைக்காரி என் மேஜையைப் பிடித்துக்கொண்டாள்.

"நெறையன்னா எவ்ளோ டீச்சர்? மேல் தட்டு வரைக்குமா?"

"மேல் தட்டு வரைக்கும்."

"சின்ன எழுத்தா, பெரிய எழுத்தா?"

"ரெண்டும் இருக்கும், போ."

"சின்ன எழுத்துன்னா ரொம்ப நாள் வரும்" என்று சொல்லிக்கொண்டே போனாள். எனக்கு அவள் கணக்கு புரிந்தது. வருஷம் முடிந்தால் ஆறாம் வகுப்புக்கு வேறு பள்ளிக்குப் போய்விடுவாள். அதற்குள் பீரோ வந்தால்தான் அவளுக்கு உண்டு. இவளுக்கு எப்படியாவது அது கிடைக்க வேண்டுமே என்று எனக்கும் பதைப்பு வந்துவிட்டது.

கம்ப்யூட்டர் முன்னால் தினமும் பயிற்சி. தன் குரலைத் தானே கேட்டு, "கடைசி வார்த்தைய முழுங்கறேன் டீச்சர்" என்று அவளே கண்டுபிடித்துத் திருத்திக்கொண்டாள். தலைமை ஆசிரியை தண்ணீர் டிரம்மை நகர்த்தி, பீரோவுக்கு ஒரு மூலையைப் பெருக்கித் துடைத்து வைத்துவிட்டார். "பீரோவோட வாங்க, இல்லேன்னா வராதீங்க" என்று எங்களை வழியனுப்பினார். பாதி விளையாட்டுக்குத்தான் சொன்னார்.

போட்டி தாம்பரத்தில், தண்டவாளத்தை ஒட்டிய ஒரு பள்ளியில். பீரோவை மேடையிலேயே நிறுத்தி வைத்திருந்தார்கள். எங்கள் பெண் போனதும் போகாததுமாகக் கண்ணாடியில் மூக்கை ஒட்டிக்கொண்டு புத்தகங்களின் முதுகு முதுகாகத் தலைப்புகளைப் படிக்க ஆரம்பித்தாள். இழுத்து வந்து உட்கார வைத்தேன்.

அந்தப் பள்ளிப் பையன் வாசிக்கும்போது மின்சார ரயில் வந்தது. அவன் அசரவில்லை. கோயம்பேட்டில் தக்காளி விற்கிறவன் மாதிரி குரலை உயர்த்தி ரயிலுக்கு மேலே வாசித்தான். பக்கத்தில் உட்கார்ந்திருந்த அவனுடைய சார், பெரிய மீசைக்காரர், தொடையில் தட்டிக்கொண்டார். எனக்கே பழைய நினைவில் உடம்பு சிலிர்த்தது. அப்போதே உறைத்திருக்க வேண்டும், உறைக்கவில்லை.

எங்கள் பெண் மேடை ஏறினாள். அடடா, என்ன வாசிப்பு! முன்னே பின்னே பார்க்காத பக்கம் என்று யாரும் நம்பமாட்டார்கள். நடுவர் பேனாவைக் கீழே வைத்துவிட்டுக் கேட்டார். பாதிப் பக்கம் தாண்டியிருக்கும். சரக்கு ரயில் வந்தது.

அவள் நிறுத்திவிட்டாள்.

விரலை எழுத்தின் மேல் வைத்துக்கொண்டு, தலையை நிமிர்த்தி, அமைதியாக நின்றாள். எழுந்து நின்று, "படிடீ! நிறுத்தாத, படி!" என்று அலறினேன். வாழ்க்கையில் எதற்கும் தோற்காத என் தொண்டை அந்த ரயிலிடம் தோற்றது. விமானமாவது ஒரேயடியாகக் கத்திவிட்டுப் போய்விடும். சரக்கு ரயிலோ பெட்டி, பெட்டி, இன்னொரு பெட்டி. கடைசிப் பெட்டி போவதற்கும் நேரம் முடிந்த மணி அடிப்பதற்கும் சரியாக இருந்தது. ரயில் போய்விட்டதே என்று அவள் சந்தோஷமாக விட்ட எழுத்திலிருந்து தொடர்ந்தாள். நடுவர் கையைக் காட்டி நிறுத்தினார்.

"நேரம் முடிஞ்சுதும்மா. ஏன் நிறுத்திட்ட? அந்த வார்த்தை தெரியலையா?"

"தெரியும் சார். ரயில் வந்துச்சு."

"அதனால என்ன? நீ பாட்டுக்குப் படிச்சிருக்கலாமே."

"நான் படிப்பேன் சார். ஒங்களுக்குக் கேக்காதே" என்றாள்.

இத்தனை வருஷமாக ரயிலுக்கு மேலே கத்தினேனே, ஒரு நாளாவது எதிரே இருக்கிறவர்களுக்குக் கேட்கிறதா என்று நினைத்திருப்பேனா?

ஆனாலும் பீரோ தாம்பரத்துக்காரர்களுக்குத்தான் போயிற்று. நான் சும்மா விடவில்லை. நடுவரிடம் போய், "என்ன சார் நியாயம் இது? நிமிஷத்துல பாதிய உங்க ரயில் தின்னுடுச்சு. குழந்தை என்ன பண்ணுவா?" என்று சண்டைக்கு நின்றேன். "அந்தப் பொண்ணு சொன்னது மனசுல நிக்குதும்மா. ஆனா போட்டி விதின்னு ஒண்ணு இருக்கே" என்று அவர் ஆறுதல் பரிசாக ஒரு பிளாஸ்டிக் டிபன் பாக்ஸை என் கையில் திணித்தார். அவள் அழுதுகொண்டிருப்பாளே என்று திரும்பிப் பார்த்தேன். பக்கத்தில் ஆள் இல்லை.

மேடையில் பீரோவுக்கு முன்னால் நின்று மீசைக்கார சாரிடம் பேசிக்கொண்டிருந்தாள். கண் சிவந்திருந்தது. ஆனால் பேச்சு நிற்கவில்லை.

"ஒங்க ஸ்கூல்ல கம்ப்யூட்டர் கீதா சார்?"

"இருந்துச்சு பாப்பா. எலி வயரக் கடிச்சுடுச்சு."

"சீடி போடற செட்டு?"

"அது இருக்கு. பிரேயர் பாட்டு போடுவோம்."

"அப்ப நீங்க புக்கு குடுங்க. நாங்க படிச்சு, குரல பதிஞ்சு, சீடி போட்டுக் குடுக்கறோம். ஒங்க ஒண்ணாங்கிளாஸ் பசங்களுக்கு எழுத்து தெரியாது இல்ல? அவங்க கதை கேக்கலாம். அப்பறம் புக்க திருப்பிக் குடுத்துட்டு வேற எடுத்துக்கறோம்."

மீசைக்காரர் என்னைப் பார்த்தார். "என்ன டீச்சர், பொண்ணு யாவாரம் பேசுதே?" என்றார். "ஃபேன்ஸி ஸ்டோர்க்காரர் பொண்ணு சார். நீங்க ஒத்துக்கறதுதான் உங்களுக்கு நல்லது" என்றேன். சிரித்துவிட்டு அன்றைக்கே ஒரு கட்டு எடுத்துக் கொடுத்தார்.

பீரோ இல்லாமல் புத்தகக் கட்டோடு போய் நின்றோம். தலைமை ஆசிரியை துடைத்து வைத்திருந்த மூலையையும் எங்களையும் மாறிமாறிப் பார்த்தார். பிறகு, "சரி, சரி" என்று தகரப் பெட்டியை அந்த மூலைக்கு நகர்த்தினார். டவர்க்காரர்கள் படியேறினார்கள். நிமிஷம் நிமிஷமாகக் கதைகள் பதிவாயின. பம்மலில் ஒரு பிரவுசிங் சென்டரில் கொடுத்து சீடியில் ஏற்றி அனுப்பினேன்.

அடுத்த புத்தகக் கட்டை மீசைக்காரரே மொபெட்டில் வைத்து எங்கள் வகுப்புக்கே கொண்டுவந்தார். "டீச்சர், உங்க சீடி சூப்பர். ஒரு எடத்துல பிளேன் சத்தம் வந்துடுச்சு பாருங்க, பசங்க அதையே திரும்பத் திரும்பப் போடச் சொல்றாங்க" என்றார். டவர் எங்கேயோ தூங்கியிருக்கிறது. நான் அதை விசாரிப்பதற்குள் எங்கள் பெண் கட்டைப் பிரித்து, எழுத்து பொடிப் பொடியாக இருந்த புத்தகத்தை உருவிக்கொண்டு வாசல் படியில் போய் உட்கார்ந்துவிட்டாள்.

விமானம் வந்தது. மீசைக்காரர் பழக்க தோஷத்தில் கத்த ஆரம்பித்தார். வகுப்பு முழுக்க அவரைப் பார்த்து உதட்டில் விரலை வைத்தது. அவரும் வாயை மூடினார். கூரை அதிர எல்லாரும் அசையாமல் நின்றோம். அசைந்தது ஒரே ஒரு கைதான். வாசல்படியில் இரட்டைச் சடைக்காரி பக்கத்தைத் திருப்பினாள்.

சத்தம் அடங்கியதும் அவர் அவளிடம் குனிந்து, "ஏன் பாப்பா, அன்னைக்கு ரயிலுக்கு நிறுத்தின. இப்ப பிளேனுக்கு நிறுத்தலையே?" என்று கேட்டார்.

அவள் தலையை நிமிர்த்தவே இல்லை.

"எந்தப் பிளேன் சார்?"