பட்டினி கிடக்காத வீடு

என் மச்சான் பொய் சொன்னார். வாய் தவறிச் சொல்லவில்லை. தெரிந்தே சொன்னார். என் வீட்டு வாசலில், நான் வாடகைக்கு எடுத்த கூடாரத்தின் கீழே, நான் போட்ட ஆட்டிறைச்சிப் பிரட்டலை இரண்டு தடவை வாங்கிச் சாப்பிட்டுவிட்டு, நான் காசு கொடுத்துக் கொண்டுவந்த மைக்கைப் பிடித்துச் சொன்னார்.

அவர் என் மனைவியின் அண்ணன். என் பிள்ளைகளுக்குத் தாய்மாமன். தெங்கேராவில் ஒரு கடைவீட்டு மாடியில் ஆபிஸ் வைத்து வீடு விற்கிறார். எங்கள் குடும்பத்தில் எந்த விசேஷம் என்றாலும் முதல் மாலை தாய்மாமனுக்கு, முதல் இலை தாய்மாமனுக்கு. மைக் வந்தால் அதுவும் முதலில் அவருக்குத்தான்.

அன்றைக்கு விசேஷம் என் வீட்டுக் கடன் முடிந்தது. ஜாசினுக்குப் பக்கத்தில் ஒரு தாமான் குடியிருப்பில் ஒற்றை மாடி வரிசை வீடு எங்களுடையது. நான் தோட்டத் தொழிலாளர் லயத்தில் பிறந்தவன். தோட்டங்களில் வெட்டிய செம்பனைக் குலைகளை எண்ணெய் ஆலைக்கு ஏற்றிப் போகும் லாரி ஓட்டுகிறேன். மனைவிக்குப் பள்ளிக்கூடக் கேண்டீனில் வேலை. இப்படிப்பட்ட இரண்டு பேர், பேங்க் கொடுத்த தவணைக் காலத்துக்குப் பல வருஷம் முன்னாலேயே கடனை முடித்துவிட்டோம். நாலு பேருக்குச் சோறு போட வேண்டும் என்று தோன்றியது. போட்டேன்.

மச்சான் மைக்கைத் தட்டிப் பார்த்துவிட்டு ஆரம்பித்தார். “இந்த வீட்டுக்காக என் தங்கச்சி வயித்தக் கட்டுனா. பிள்ளைங்க ஒரு நல்லத பாக்கல, ஒரு ஊரு பாக்கல. இந்தச் செவுத்துல இருக்கிறது சிமெண்டு இல்லங்க. என் தங்கச்சியோட பட்டினி.”

எல்லாரும் கை தட்டினார்கள். எதிர் வீட்டு அக்கா முந்தானையால் கண்ணைத் துடைத்தார். நான் ரசவாளியைப் பிடித்துக்கொண்டு பந்தியின் நடுவில் நின்றேன். எனக்குப் பேச வராது. அவர் பேசியே பிழைக்கிறவர்.

இப்போது எழுதுகிறேன்.

நாங்கள் கடனை எப்படி முடித்தோம் என்பதில் ரகசியம் ஒன்றும் இல்லை. வார நாளில் கூடுதல் லோடு கிடைத்தால் விடமாட்டேன். குலை அதிகம் விழும் மாதங்களில் இருட்டும்வரை ஓட்டுவேன். கூடுதல் லோடு காசும் வருஷ போனஸும் நேராக பேங்குக்குப் போய்விடும், அசலில் கழித்துக்கொள்ளச் சொல்லி. கார் மாற்றவில்லை. பழைய வேனையே ஓட்டினோம். வீட்டை இடித்துக் கட்டவில்லை. வீடு எடுத்த முதல் நாளிலிருந்தே ஒரு விஷயத்தில் உறுதியாக இருந்தேன். ஞாயிற்றுக்கிழமை லாரி எடுக்க மாட்டேன். அன்றைக்கு இரட்டைச் சம்பளம். கூட ஓட்டுகிறவர்கள் கேலி செய்தார்கள். “ரெட்டச் சம்பளத்த விட்டுட்டு பொண்டாட்டி பின்னால பை தூக்கப் போறியா?” என்று ஒருவர் கேட்டார். ஆமாம், அதற்குத்தான் போனேன்.

காலையில் ஜாசின் பாசாரில் மீன் வாங்குவோம். மீன்காரரிடம் என் மனைவி செவுளைத் தூக்கிப் பார்த்துச் சண்டை போடுவாள். அவரும் அவள் வரும்வரை நல்ல மீனை எடுத்து வைத்துக்கொண்டு சண்டைக்குக் காத்திருப்பார். கடல் வற்றும் நாளாக இருந்தால் சோற்றைக் கட்டிக்கொண்டு தஞ்சோங் கிளிங் கடற்கரைக்குப் போவோம். பிள்ளைகள் சேற்றில் சிப்பி தோண்டுவார்கள். வீட்டுக்கு வந்து அவித்து, சம்பல் பெலாச்சான் என்கிற இறால் துவையலில் தொட்டுத் தின்போம். ஒரு நாள் ஒரு ஹோட்டல் மதிலோரம் நிழலில் உட்கார்ந்திருந்தபோது காவல்காரர் வந்து எழுந்து போகச் சொன்னார். என் மகனுக்கு அப்போது பள்ளிக்கூடம் போகிற வயதுகூட இல்லை. தனக்குத் தெரிந்த அரைகுறை மலாயில், இந்தக் கடலுக்கும் அப்பா மாசாமாசம் கட்டுகிறார் என்று அவரிடம் சொன்னான். உலகத்தில் எல்லாமே மாசாமாசம் கட்டுவதுதான் என்று நினைத்திருக்கிறான். காவல்காரர் சிரித்துவிட்டு எங்களை அப்படியே விட்டுவிட்டார்.

இந்த ஞாயிற்றுக்கிழமைகளில் பாதிக்கு மேல் மச்சானும் இருந்தார். அவருடைய மாடி வீட்டில் அன்றைக்கு அடுப்பு எரியாது. ஞாயிற்றுக்கிழமைதானே ஆட்கள் வீடு பார்க்க வருவார்கள். மத்தியானம் சட்டை நனைய வந்து, “பசிக்குதுலா தங்கச்சி” என்று சமையலறையிலேயே உட்கார்ந்துவிடுவார். நண்டுக் கால் அவருக்கு என்று தனியாக எடுத்து வைத்திருப்பாள். என் வீட்டில் பசி என்று சொன்ன ஒரே ஆள் அவர்தான்.

இன்னொன்றும் இருக்கிறது. வருஷா வருஷம் போனஸைக் கட்டப் போகும்போது பிள்ளைகளையும் கூட்டிப் போவேன். கட்டி முடித்ததும் பக்கத்துக் கடையில் ஆளுக்கொரு கிண்ணம் ஐஸ் கச்சாங், துருவிய ஐஸில் பாகு ஊற்றியது. பேங்க் என்றாலே ஐஸ் கச்சாங் என்றுதான் அவர்களுக்கு. ஒரு தடவை என் மகள் கரண்டியைக் கீழே வைத்துவிட்டுக் கவலையோடு கேட்டாள்: “கடன் முடிஞ்சிட்டா இது கிடைக்காதாப்பா?” கடைக்காரர் உட்பட எல்லாரும் சிரித்தோம். மெதுவாகக் கட்டுகிறேன் என்று அவளைச் சமாதானப்படுத்தினேன்.

பட்டினி கிடந்த பிள்ளை கேட்கிற கேள்வியா இது?

விருந்துக்கு மறுநாள் காலை பின்கட்டில் அண்டா கழுவிக்கொண்டிருந்தபோது மனைவியிடம் கேட்டேன். உன் அண்ணன் அப்படிச் சொன்னாரே, நீ ஏன் ஒரு வார்த்தை மறுக்கவில்லை? அவள் நாரால் தேய்ப்பதை நிறுத்தாமலே சொன்னாள்.

“இத்தன வருஷத்துல என்னப் பத்தி மைக்குல யாருங்க பேசுனா? கேக்க நல்லா இருந்துச்சு. விடுங்களேன்.”

விட்டுவிட்டேன். என் மகள் வராமல் இருந்திருந்தால் அப்படியே விட்டிருப்பேன்.

மகள் போன வருஷம் கல்யாணம் ஆனவள். கிளினிக்கில் வேலை. மருமகனுக்கு ஃபேக்டரியில். தஞ்சோங் கிளிங் பக்கம் இரட்டை மாடி வீடு பார்த்திருப்பதாகச் சொன்னாள். விற்பவர் யார் என்று நான் கேட்கத் தேவையில்லை. முப்பத்தைந்து வருஷக் கடன். இருவர் சம்பளத்தில் தவணையைக் கழித்தால் மிச்சம் என்ன இருக்கும் என்று கேட்டேன். மருமகன் சனி, ஞாயிறு வாடகைக் கார் ஓட்டப் போகிறாராம்.

“ஞாயித்துக்கெழமையுமா?”

“கொஞ்ச வருஷம்தானப்பா. நாங்க கஷ்டப்பட்டு வளந்தோம். என் பிள்ளையும் அப்படியா வளரணும்? அனுபவிக்கணும்லா.”

ஐஸ் கச்சாங்கை ஞாபகப்படுத்தினேன். சிப்பியை ஞாபகப்படுத்தினேன். அவள் என்னைப் பாவமாகப் பார்த்தாள்.

“அது சின்னதுல தெரியாம இருந்தோம்ப்பா. சிப்பியெல்லாம் இல்லாதவங்க பொறுக்கித் திங்கிறதுன்னு மாமா சொன்னாரு. அன்னிக்கு அவரு பேசுனப்பதான் எனக்கே எல்லாம் வெளங்குச்சு.”

லாரியில் பிரேக் பிடிக்காமல் இறக்கத்தில் இறங்கியிருக்கிறேன். அப்போதுகூட இப்படிப் பயந்ததில்லை. நான் கடன் கட்டி முடித்த வீட்டை எவனும் எடுத்துப் போக முடியாது. அதில் நாங்கள் வாழ்ந்ததை இந்த ஆள் ஒரே மைக்கில் எடுத்துப் போய்விட்டார். அதை வைத்தே என் மகளுக்கு ஒரு வீட்டை விற்கிறார்.

தெங்கேராவுக்குப் போனேன். ஏசி அறையில் உட்கார வைத்துக் குடிக்க ஒரு மைலோ வாங்கிக் கொடுத்தார். நான் கேட்டதும் சிரித்தார்.

“என்ன மாப்ள, மேடைன்னா கொஞ்சம் உப்பு காரம் சேத்துத்தான் பேசணும். அங்க நல்லா சாப்ட்டீங்கன்னு சொன்னா எவன் கை தட்டுவான்?”

அப்படியானால் அதை என் மகளைக் கூப்பிட்டுச் சொல்லுங்கள் என்றேன்.

“இப்ப எதுக்கு? அவ கையெழுத்துப் போடட்டும். அப்புறம் பேசிக்கலாம்லா.”

ஆக, பொய் என்று அவருக்குத் தெரியும். என் மகளுக்கு மட்டும் தெரியக் கூடாது. திரும்பிவந்து அவளிடம் இதைச் சொன்னேன். மாமா மேல் எனக்குப் பொறாமை என்கிறாள்.

மகளே, பெரிய வீடு வாங்கு. நான் தடுக்கவில்லை. உன் சம்பளம், உன் புருஷன் சம்பளம். ஆனால் நீ கஷ்டப்பட்டு வளர்ந்தாய் என்று நம்பி வாங்காதே. கூடத்து மின்விசிறிக்குக் கீழே நண்டு ஓட்டை உடைத்துக்கொண்டு நீ சிரித்த சிரிப்பு அடுத்த வீட்டுக்குக் கேட்கும்.

மச்சான், இனி உங்களிடம். அடுத்த மாதம் கோயில் திருவிழா. அன்னதானம் இந்த வருஷமும் உங்கள் உபயம்தான். மைக் உங்கள் கையில்தான் இருக்கும். என் மகள் கையெழுத்துப் போட இன்னும் நாள் இருக்கிறது. நான், என் மனைவி, மகள், மருமகன் நாலு பேரும் முன்வரிசையில் உட்கார்ந்திருப்போம். ஆபிஸில் என்னிடம் சிரித்துக்கொண்டே சொன்னதை அங்கே எழுந்து நின்று சொல்லுங்கள். போனில் வேண்டாம். மைலோ வேண்டாம். அன்றைக்குக் கை தட்டிய அதே ஆட்கள் முன்னால், உங்கள் தங்கச்சியின் முகத்தைப் பார்த்துப் பதில் சொல்லுங்கள்: என் வீட்டில் பட்டினி கிடந்தது யார்?