கல்லோடு போன சரோஜம்

கேரள எல்லைக்குள் இருக்கும் பாறசாலையில், ரயில் நிலையத்துக்குப் போகிற ரோட்டில் சரோஜத்தின் போளிக்கடையைத் தெரியாதவன் அந்த ஊர்க்காரனாக இருக்க முடியாது. வெள்ளறடையிலிருந்து வாழ்க்கைப்பட்டு வந்தவள், முதலில் வீட்டு அடுக்களையில் சுட்டு டீக்கடைகளுக்குக் கொடுத்தாள். தொண்ணூறுகளின் தொடக்கத்தில் கடை போட்டாள், கல்யாண ஆர்டர்கள் வர ஆரம்பித்தன. அந்தப் பக்கத்தில் இலையில் போளியைப் பிய்த்துப்போட்டு, மேலே பால்பாயசம் ஊற்றிப் பிசைந்து தின்றால்தான் கல்யாணம் நடந்ததாகக் கணக்கு. மாப்பிள்ளைக்கு முன்வழுக்கை இருந்தால்கூட மன்னித்துவிடுவார்கள். போளி வறண்டிருந்தால் மூன்று தலைமுறைக்குப் பேசுவார்கள்.

சரோஜத்துக்குக் கைப்பக்குவம் இருந்தது. அதைவிடக் கொஞ்சம் கூடுதலாகத் திமிரும் இருந்தது. ஆர்டர் கொடுக்க வருகிறவர் தேதி சொன்னால் போதும், கிழமை என்ன என்றுகூடக் கேட்க மாட்டாள். "எனக்கு ஒருக்க சொன்னா மதி" என்பாள்.

மார்த்தாண்டத்து ஜெயதாஸிடமும் அப்படித்தான் சொன்னாள். அவருடைய அண்ணன் மகளுக்குக் கல்யாணம், ஐந்நூறு போளி, ஆவணி பன்னிரண்டு. எல்லைக்கு அந்தப்புறம், தமிழ்நாட்டில், அவளுக்குக் கிடைத்த முதல் ஆர்டர் அது. ஆவணி என்றால் நமக்குச் சிங்கம்தானே என்று, சுவரில் தொங்கிய மலையாளக் காலண்டரில் சிங்கம் பன்னிரண்டை வட்டம் போட்டாள். கூட வேலை செய்கிற பொழியூர்க்காரி ஜேனட்டிடம், "இது நல்லா முடிஞ்சா மார்த்தாண்டம் முழுக்க நமக்காக்கும்" என்றாள். கெட்டுப்போனால் களியக்காவிளை தாண்டி ஒருவரும் தன்னைக் கூப்பிட மாட்டார்கள் என்பதும் அவளுக்குத் தெரியும். அதை வாய்விட்டுச் சொல்லவில்லை.

ஆவணியும் சிங்கமும் ஒரே மாதம்தான். ஆனால் உச்சி சாய்ந்தபிறகு மாதம் பிறந்தால், தமிழ்க்காரர்களுக்கு அன்றே ஒன்றாம் தேதி, மலையாளத்துக்கு மறுநாள்தான் ஒன்று. அந்த வருஷம் அப்படித்தான் பிறந்திருந்தது. எல்லையில் குடியிருந்துகொண்டு இதைக்கூடப் பார்க்காமல் இருந்ததற்குத் திமிரைத் தவிர வேறு காரணம் கிடையாது.

சிங்கம் பதினொன்று காலை எட்டு மணிக்குக் கடை வாசலில் ஜீப் வந்து நின்றது. பட்டுவேட்டியோடு ஜெயதாஸ் இறங்கினார்.

"போளியெல்லாம் கெட்டி வச்சாச்சா? ஏத்திரலாமா?"

ஜேனட்டின் கையிலிருந்த கரண்டி கீழே விழுந்தது. கடலைப்பருப்பு இன்னும் சாக்கிலேயே இருந்தது. கடை வியாபாரத்துக்குப் பிசைந்த ஒரு சட்டி மாவும் கொஞ்சம் பூரணமும்தான் தயார். சரோஜம் திரும்பிக் காலண்டரைப் பார்த்தாள், வட்டம் மறுநாளில் இருந்தது. தலைக்கு மேல் வெள்ளம் போனபிறகு சாண் என்ன, முழம் என்ன?

"கெட்டின போளி எதுக்கு அண்ணா?" என்றாள். "ஆறிப்போன போளியை உங்க அண்ணன் மகளுக்கு நான் குடுப்பேனா? பந்தல்லயே சுட்டு, சூடா இலையில போடப்போறேன். சாதனமெல்லாம் ஏத்தணும், ஒரு கை பிடியுங்கோ."

ஜெயதாஸ் வாயைப் பிளந்தார். அவள் அதற்குள் பக்கத்துப் புரோட்டாக்கடைக்கு ஓடியிருந்தாள்.

"யோசுவா அண்ணா, கல்லைத் தா. சாயங்காலம் கடை திறக்கதுக்குள்ள கொண்டு வாறேன்."

பருப்புச் சாக்கோடும் மாவுச் சட்டியோடும், இரண்டு ஆள் பிடித்துத் தூக்குகிற புரோட்டாக்கல் ஜீப்பில் ஏறியது. ஒரே ஈட்டில் பன்னிரண்டு போளி போடலாம். போகிற வழியெல்லாம் ஜேனட் மாதாவை விளித்துக்கொண்டே வந்தாள். சரோஜம் மனத்துக்குள் பந்திகளை எண்ணினாள். ஐந்நூறு பேரும் ஒன்றாகவா உட்காரப்போகிறார்கள்? பந்திக்கு நூறு பேர், அதிலும் பாயசம் கடைசியில்தான் வரும். கையிலிருக்கிற மாவு முதல் பந்திக்குக் காணும். போனதும் பிசைகிற மாவு இரண்டாம் பந்திக்குள் எண்ணெயில் ஊறிவிடும்.

கல்யாண வீட்டுத் தலைமைச் சமையல்காரர் பெரிய மீசைக்காரர். கல்லைப் பார்த்ததும் சிரித்தார். "எலே, போளிக்காரி புரோட்டா போட வந்திருக்காளாக்கும்!" அடுக்களைப்புரையே சிரித்தது. சரோஜத்துக்குக் காது சுட்டது. "அடுப்பு ஒண்ணு ஒழிச்சுத் தாருங்கோ, பிறகு சிரியுங்கோ" என்று மட்டும் சொன்னாள்.

பருப்பு வெந்தது, கிரைண்டர் ஓடியது, சர்க்கரையும் ஏலமும் கலந்து பூரணம் உருண்டது. ஜேனட் பரத்த, சரோஜம் திருப்பிப் போட, நெய் மணம் பந்தல் வரை போனது. முதல் பந்தியில் பாயசத்துக்கு முன்னால் ஆவி பறக்கும் போளி இலையில் விழுந்தபோது, பேசிக்கொண்டிருந்தவர்கள் பேச்சை நிறுத்தினார்கள். மாப்பிள்ளை வீட்டுப் பெரியவர் ஒருவர் எழுந்திருக்க மனமில்லாமல் இன்னொன்று கேட்டார். இரண்டாம் பந்திக்காரர்கள் இடம்பிடிக்க முண்டினார்கள். மூன்றாவதில் பெண்கள் அடுக்களைக்கே வந்து எட்டிப்பார்த்தார்கள். ஒரு பந்தியிலும் போளிக்குத் தட்டுப்பாடு வரவில்லை.

அடுப்பு வேலை ஓய்ந்ததும் ஜெயதாஸிடம் அவள் உண்மையைச் சொன்னாள். "அண்ணா, எனக்கு நாள் தெற்றிப்போச்சு. உங்க ஜீப்பைக் கண்டபிறகுதான் தெரியும்." அவர் தோள்துண்டால் வாயைப் பொத்திக்கொண்டு குலுங்கிக் குலுங்கிச் சிரித்தார். "வாயுள்ள பிள்ளை பிழைக்கும்" என்றார்.

கடைசிப் பந்தியில் அவளையும் ஜேனட்டையும் வற்புறுத்தி உட்காரவைத்தார்கள். தான் சுட்ட போளியை அவள் பிய்த்துப்போட்டபோது, பாயச வாளியோடு குனிந்தவர் அந்த மீசைக்காரரேதான். விளம்புவது அவர் வேலையில்லை. தலைமைச் சமையல்காரர் பந்திக்கு வாளி தூக்குகிற வழக்கமே கிடையாது.

"மக்கா, ஐப்பசியில தக்கலையில எனக்கு ரெண்டு கல்யாணம் உண்டு" என்றார், பாயசத்தைத் தாராளமாக ஊற்றிக்கொண்டே. "நீ கல்லோட வந்தா நான் அடுப்பு ஒழிச்சுத் தாறேன்."

சரோஜத்துக்குக் கண் நிறைந்துவிட்டது. அத்தனை பேர் பார்க்க, வாய்நிறையப் போளியோடு, "வாறேன்" என்றாள்.