கெஜம்மாவின் காலடி

நூற்று ஐம்பது. முதலில் இந்த எண்ணை மனதில் போட்டுக்கொள்ளுங்கள். கோல்ஃப் மைதானத்தின் நான்காம் குழியில், வெள்ளைக் கட்டையிலிருந்து கொடி நிற்கும் புல்திட்டின் விளிம்பு வரை நூற்று ஐம்பது கெஜம். கெஜம்மா அதை உதடு அசைய எண்ணிக்கொண்டே நூற்று ஐம்பது காலடியில் கடக்கிறார். இருபத்தேழு வருடமாக ஒன்று கூடியதில்லை, ஒன்று குறைந்ததில்லை.

ஆட்டக்காரர்களின் பையைத் தூக்குவது அவர் தொழில். பை பன்னிரண்டு கிலோ. லேசான வேலை என்று நினைப்பவர்கள் ஒருநாள் தோளில் மாட்டிக்கொண்டு பதினெட்டுக் குழியையும் சுற்றி வரட்டும், பிறகு பேசலாம். அவர் எண்ணும்போது யாரும் பேச்சுக் கொடுக்கக் கூடாது. கொடுத்தால் பதில் வராது, ஒரு விரல்தான் உயரும். மைதானத்து மேனேஜருக்கே அந்த விரல்தான்.

எண்ணுவது வெறும் பழக்கமில்லை. முதல் அடி அடிக்கும் இடத்திலிருந்து குழி வரை மொத்த நீளம் அட்டையில் அச்சாகியிருக்கும். அங்கிருந்து பந்து கிடக்கும் இடம் வரை கெஜம்மா நடந்து எண்ணுவார். ஒரு காலடி ஒரு கெஜம். மொத்தத்தில் அதைக் கழித்து, மீதி இவ்வளவு என்பார். அதை வைத்துத்தான் அடுத்த மட்டையை எடுப்பார்கள். தப்பாகச் சொன்னால் பந்து குளத்தில்.

வீட்டிலும் எண்ணிக்கைதான். வாசலிலிருந்து அடுப்பு வரை ஒன்பது. போன மாதம் ஒருநாள் பத்து வந்தது. மருமகளைப் பிடித்துக்கொண்டார்.

“அடுப்பை ஏம்மா தள்ளி வெச்சே?”

“அத்தை, அது மேடையோட சேத்துக் கட்டினது. நீங்க வேணா தள்ளிப் பாருங்க.”

“அப்ப வாசலைத் தள்ளியிருக்கே” என்று சொல்லிவிட்டுச் சாப்பிட உட்கார்ந்தார்.

பை தூக்குகிறவர்களின் சங்கக் கூட்டத்தில் அவர் பேச்சு வெட்டு ஒன்று துண்டு இரண்டு. ஒன்பது வருடத்துக்கு முன் ஒருவர் கண் மங்கி இரண்டு முறை தூரத்தைத் தப்பாகச் சொன்னார். “தப்புத் தூரம் சொல்றவங்க பையைத் தொடக் கூடாது. ஒருத்தர் தப்பினா எல்லார் பேரும் நாறும்” என்று முதலில் எழுந்து கை தூக்கியவர் கெஜம்மா. தீர்மானம் நிறைவேறியது. அந்த மனிதர் இன்று அதே மைதானத்தில் புல் வெட்டுகிறார்.

வருடம் ஒருமுறை பல் டாக்டர் ஒருவர் தன் மச்சினனோடு மூன்று நாள் விளையாட வருவார். நடையா, பேட்டரி வண்டியா என்று காலையில் வழக்கு தொடங்கும்.

“மாமா, வண்டி சும்மாதானே நிக்குது. ஏறி உக்காந்தா மரியாதை கொறஞ்சிடுமா?”

“நீ ஏறு மாப்ளே. மூட்டை மாதிரி கட்டி ஏத்திட்டுப் போவாங்க. நான் கெஜம்மாகூட நடந்தே வர்றேன்.”

“கால் இருக்குறப்பவே நடக்கட்டும் தம்பி, விடுங்க” என்று கெஜம்மா தீர்ப்பு சொல்வார். வழக்கு முடியும்.

இந்த வருடம் முதல் நாள். மூன்றாம் குழி முந்நூற்று எண்பது கெஜம். கெஜம்மா இருநூற்று முப்பது எண்ணினார். “மீதி நூத்தி அம்பது, டாக்டர்.” டாக்டர் அடித்தார். மட்டையில் பட்ட சத்தம் சுத்தமாக இருந்தது. பந்து கொடி வரை எட்டாமல், முன்னாலிருந்த குளத்தில் விழுந்தது. அன்று மட்டும் இப்படி நான்கு பந்து.

“மாமா, மீனுக்குப் பல்லு பாக்கப் போறீங்களா?” என்று மச்சினன் சிரித்தான்.

“தோள் எறங்கிடுச்சு டாக்டர். வயசு சும்மா விடுமா?” என்றார் கெஜம்மா.

டாக்டர் சிரிக்கவில்லை. வலது கையை விரித்துப் பார்த்துக்கொண்டே இருந்தார். “இந்தக் கையாலதான் அடுத்த வாரம் ஒருத்தர் வாயில ஊசி போடணும். கைக்கே பலம் போச்சுன்னா கிளினிக்கை மூடிட வேண்டியதுதான். நாளைக்கு நான் வண்டியிலேயே வர்றேன்.”

சாயங்காலம் வீட்டுக்குக் கிளம்பிய கெஜம்மா நான்காம் குழி வழியாக வந்தார். வெள்ளைக் கட்டையைத் தாண்டியதும் உதடு தானாக எண்ண ஆரம்பித்தது. நூற்று ஐம்பது என்று வாய் சொன்னபோது கால் நின்றது. புல்திட்டு வரவில்லை. எதிரே ஒரு பெரிய கூடத்தின் நீளத்துக்கு வெறும் தரை கிடந்தது.

திரும்பிப் போய்க் கட்டையைக் காலால் உதைத்தார். அது அசையவில்லை. கொஞ்சம் தள்ளி வேலையாக இருந்த அந்தப் புல்வெட்டுக்காரர் இயந்திரத்தை நிறுத்தினார்.

“கட்டையை யாருய்யா நகத்தினது?”

“சிமெண்ட்ல நிக்குது. யாரு நகத்துவா?”

மறுபடி நடந்தார். மறுபடியும் புல்திட்டுக்கு முன்பே நூற்று ஐம்பது முடிந்தது. மூன்றாம் முறை நிற்காமல் விளிம்பு வரை எண்ணிப் போனார். அங்கே குனிந்து, முன்னும் பின்னுமாக நின்ற தன் செருப்புகளுக்கு இடையிலிருந்த தூரத்தைப் பார்த்தார். அடுப்பு நகரவில்லை. வாசலும் நகரவில்லை. டாக்டரின் தோளும் இறங்கவில்லை.

“எவ்ளோ வந்துச்சு?” என்று கேட்டார் புல்வெட்டுக்காரர்.

கெஜம்மாவிடமிருந்து விரல்கூட உயரவில்லை.

“நான் யார்கிட்டயும் சொல்ல மாட்டேன். அன்னிக்கு நீ எந்திரிச்சுக் கை தூக்கினியே, அது மட்டும் ஞாபகத்துல இருக்கு” என்றார் அவர். பிறகு இயந்திரத்தைக் கிளப்பிக்கொண்டு போனார்.

மறுநாள் காலை கொட்டகையில் பை தூக்குகிறவர்கள் எல்லோரும் இருந்தார்கள். டாக்டர் வண்டியில் உட்கார்ந்துவிட்டார். பையைப் பின்னால் வாரால் கட்டியிருந்தார்கள்.

“எறங்குங்க டாக்டர்” என்றார் கெஜம்மா.

“வேணாம் கெஜம்மா. எனக்கு முடியல.”

“உங்களுக்கு ஒண்ணுமில்ல. குளத்துல விழுந்த நாலு பந்தும் என்னால விழுந்தது. நாலாம் குழியை நேத்து மூணு தரம் நடந்து பாத்துட்டேன்.”

“அதுக்கென்ன, நூத்தி அம்பதுதானே? சின்னக் கொழந்தைக்குக்கூடத் தெரியுமே” என்றான் மச்சினன்.

கெஜம்மா வாரை அவிழ்த்தார். பையை எடுத்து டாக்டரின் கையில் கொடுத்தார். பை உறுத்தாமல் இருக்கத் தோளில் போட்டிருந்த துண்டை எடுத்து, டாக்டர் எழுந்த இடத்தில், வண்டி இருக்கையில் மடித்து வைத்தார். பிறகு கொட்டகைப் பக்கம் திரும்பி, எல்லோருக்கும் கேட்கிற மாதிரி சொன்னார்.

“நூத்தி அறுபத்து மூணு.”